மெமரி ஃபோம் டாப்பர் வாங்கப் போகிறீர்களா? உப்புக்காற்று ஊர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மெத்தை கல் மாதிரி ஆகிவிட்டது, காலையில் எழுந்தால் தோளும் இடுப்பும் பிடித்துக்கொள்கிறது, புது மெத்தைக்கு இப்போது கை எட்டவில்லை. இந்த நிலையில்தான் பலரும் டாப்பர் தேடுகிறார்கள். அழுத்தினால் உடம்பின் வடிவத்துக்கு அமுங்கி, விட்டால் மெதுவாக எழும்புவது மெமரி ஃபோம். மெத்தைக்கு மேல் விரிக்கிற 2 அல்லது 3 அங்குல மெமரி ஃபோம் விரிப்புதான் இங்கே சொல்லும் டாப்பர். சரியானதை வாங்கினால் மெத்தையின் ஆயுளை இரண்டு மூன்று வருடம் நீட்டலாம். தவறானதை வாங்கினால் பங்குனி, சித்திரையில் வியர்வையும் கார்த்திகையில் பூஞ்சை வாடையும்தான் மிஞ்சும்.

இணையத்தில் கிடைக்கிற டாப்பர் ஆலோசனைகள் பெரும்பாலும் குளிர் நாட்டு வீடுகளையோ ஏசி அறைகளையோ மனதில் வைத்து எழுதப்பட்டவை. தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி வரை உள்ள ராமநாதபுரம் மாவட்டக் கடலோர வீடுகளுக்கு அவை அப்படியே பொருந்தாது. இங்கே வாங்குவதைத் தீர்மானிப்பவை இரண்டு: ராத்திரியிலும் ஆறாத கான்கிரீட் கூரையின் சூடு, காற்றில் இருக்கும் உப்பும் ஈரமும்.

1. டாப்பரைப் பார்க்குமுன் மெத்தையைப் பாருங்கள்

மெத்தையின் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு ஒரு சணல் கயிற்றை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். வழக்கமாகப் படுக்கும் இடத்தில் கயிற்றுக்கும் மெத்தைக்கும் நடுவே ஸ்கேலை நிறுத்திப் பள்ளத்தை அளந்து பாருங்கள். அரை அங்குலம் வரை பள்ளம் இருந்தால் டாப்பர் போடலாம். ஒரு அங்குலத்தைத் தாண்டினால் வாங்க வேண்டாம். மெமரி ஃபோம் தனக்குக் கீழே இருப்பதன் வடிவத்துக்கு அப்படியே வளையும். பள்ளத்தை நிரப்பாது, பள்ளத்துக்குள் இறங்கிவிடும். முதுகுவலி அப்படியே இருக்கும், பணம் மட்டும் போயிருக்கும்.

பள்ளம் தெரிந்தால் உடனே மெத்தையைக் குறை சொல்லவும் வேண்டாம். மெத்தையை எடுத்துவிட்டு அதே கயிற்றைக் கட்டில் பலகைமேல் பிடித்துப் பாருங்கள். இரும்புக் கட்டிலில் போட்ட மெல்லிய பிளைவுட் ஈரத்தில் ஊறி நடுவில் தொய்ந்திருப்பது இங்கே சாதாரணம். பலகையை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

தேங்காய்நார் மெத்தை கெட்டியாக, சமமாக இருந்தால் டாப்பருக்கு அதைவிட நல்ல அடித்தளம் இல்லை. இலவம்பஞ்சு மெத்தையில் பஞ்சு திரண்டு கட்டி கட்டியாக இருந்தால் டாப்பர் அதை மறைக்காது. முதலில் பஞ்சைப் பிரித்து அடித்துத் தைக்கக் கொடுங்கள். பனைநார்க் கட்டில், கயிற்றுக் கட்டில் இரண்டிலும் டாப்பரை நேராகப் போடக் கூடாது. தூளி மாதிரி தொங்கிவிடும், சீக்கிரம் நடுவில் வெடிக்கும்.

தரையில் படுப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். வெறும் தரையில் போட்ட 2 அங்குல டாப்பரில் ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பெலும்பு தரையைத் தொட்டுவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் ஈரம். உடம்பின் வியர்வை ஆவியாகி ஃபோமுக்குள் கீழே இறங்கி, குளிர்ந்த தரையில் பட்டு நீராகத் தங்கும். சில வாரங்களில் அடிப்பக்கத்தில் கருப்புப் புள்ளிகள் வரும். வேறு வழியே இல்லை என்றால் அடியில் கோரைப்பாய் விரித்து அதன்மேல் போடுங்கள். தினமும் காலையில் எடுத்துச் சுவரில் சாய்த்து வையுங்கள்.

2. இவர்களுக்கு வேண்டவே வேண்டாம்

ஒரு வயது நிரம்பாத குழந்தையை மெமரி ஃபோமில் படுக்க வைக்கக் கூடாது. குப்புறத் திரும்பினால் மூக்கும் வாயும் ஃபோமில் புதைந்து மூச்சு முட்டும். பெரியவர்கள் பக்கத்தில் இருந்தாலும் இதுதான்.

படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் புண் வராமல் இருக்க டாப்பர் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கு மருத்துவர் சொல்லும் காற்று மெத்தை வேறு, இது வேறு. அதோடு சிறுநீர் ஒருமுறை உள்ளே இறங்கினால் ஃபோமை முழுதாகச் சுத்தம் செய்யவே முடியாது.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு யோசித்து வாங்குங்கள். கட்டில் 2, 3 அங்குலம் உயரும், உட்காரும் ஓரமும் அமுங்கும். அம்மாவோ அப்பாவோ கட்டில் விளிம்பில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிய வேண்டும். இப்போதே குதிகால் தூக்கியிருந்தால் டாப்பர் வேண்டாம்.

3. அளவு

மெத்தையை அளங்கள், கட்டிலை அல்ல. கடையில் ஓடும் அளவுகள் அங்குலத்தில் 72×36, 75×36, 72×48, 72×60, 75×60, 78×60, 72×72, 78×72. ஆசாரி செய்த கட்டில்களில் இதில் எதற்கும் அடங்காத அளவுகள் நிறைய உண்டு. மூன்று இடத்தில் அகலமும் மூன்று இடத்தில் நீளமும் அளந்து, சிறிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். டாப்பர் மெத்தையைவிட அரை அங்குலம் குறைவாக இருக்கலாம். கூடினால் ஓரம் தொங்கி மடியும்.

பெரிதாக வாங்கி வெட்டிக்கொள்ளலாம். ரொட்டி வெட்டும் பற்கள் வைத்த கத்தி போதும். ஆனால் வெட்டிய நிமிடத்தில் வாரண்டி போய்விடும், உறையும் தொளதொளவென்று நிற்கும். அளவு ஒத்துவராதவர்கள் மதுரையில் ஃபோம் ஷீட்டை அளவுக்கு வெட்டித் தரும் கடைகளில் கேட்பது மேல்.

4. தடிமன்: இங்கே 2 அங்குலம்தான் தொடக்கம்

ஒரு அங்குலம் பெயருக்குத்தான். 4 அங்குலம் இந்த ஊர் வெக்கைக்கு ஆகாது; உடம்பு உள்ளே புதையப் புதையக் காற்றுப் படும் பரப்பு குறைகிறது. மல்லாந்து படுப்பவர் 80 கிலோவுக்குக் கீழ் இருந்தால் 2 அங்குலம் போதும். ஒருக்களித்தே தூங்குபவர், தோள் அகலமானவர், 80 கிலோவுக்கு மேல் உள்ளவர் 3 அங்குலம் பார்க்கலாம். குப்புறப் படுப்பவருக்கு வயிறு தாழ்ந்து இடுப்பு வளையும், அவருக்கு டாப்பரே உதவாது.

5. அடர்த்தி: ஏமாற்று நடப்பது இங்கேதான்

கடைக்காரர் "டென்சிட்டி" என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை. 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ. மெமரி ஃபோமில் 40க்குக் கீழே போக வேண்டாம். 50 நல்ல நடுநிலை. 60க்கு மேல் போனால் நீடித்து உழைக்கும், ஆனால் சூட்டையும் கூடுதலாகப் பிடித்து வைக்கும்.

அடர்த்தியும் கெட்டித்தன்மையும் ஒன்றல்ல. அடர்த்தி அதிகமான ஃபோம் மெத்தென்றும் இருக்கலாம், அடர்த்தி குறைந்தது விறைப்பாகவும் இருக்கலாம். கையால் அழுத்திவிட்டு "நல்ல டென்சிட்டி சார்" என்று சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை. "ஹை டென்சிட்டி" என்ற எழுத்துக்கும் அர்த்தமில்லை, எண் கேளுங்கள்.

சொன்ன எண் சரியா என்று பார்க்க வழி இருக்கிறது. நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அங்குலத்தில் பெருக்குங்கள். அதை அடர்த்தியால் பெருக்கி 61,000ஆல் வகுத்தால் கிலோவில் எடை வந்துவிடும்.

72×60 அளவு, 2 அங்குலம், 50 டென்சிட்டி என்று வைத்துக்கொள்வோம். 72×60×2 என்றால் 8,640. அதை 50ஆல் பெருக்கினால் 4,32,000. 61,000ஆல் வகுத்தால் 7 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதே அளவு 40 டென்சிட்டி என்றால் சுமார் 5.7 கிலோ, 30 என்றால் 4.2 கிலோ. ஒற்றைக் கட்டிலுக்கான 72×36, 2 அங்குலம், 50 டென்சிட்டி சுமார் 4.2 கிலோ இருக்க வேண்டும். இவை ஃபோமின் எடை மட்டும். உறையின் எடையைக் கழித்துவிட்டுப் பாருங்கள். இணையக் கடையில் பொருளின் எடையைப் போட்டிருப்பார்கள். அந்த எண்ணும் டென்சிட்டி எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

இன்னும் மூன்று பொறிகள்:

"மெமரி ஃபோம் டாப்பர் 2 அங்குலம்" என்று தலைப்பில் இருக்கும். கீழே விவரத்தில் ஒரு அங்குலம் மெமரி ஃபோம், ஒரு அங்குலம் சாதாரண பி.யூ. (பாலியூரித்தேன்) ஃபோம் என்று இருக்கும். அடுக்குகளைப் படியுங்கள்.

"மைக்ரோஃபைபர் டாப்பர்" என்பது ஃபோமே இல்லை, கனமான ரஜாய் (பஞ்சுப் போர்வை) மாதிரி நார் அடைத்துத் தைத்தது. அடர்த்திக்குப் பதில் ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) என்று எண் போட்டிருந்தால் அது இதுதான். "மேட்ரஸ் புரொடெக்டர்" என்பதும் வேறு. ஈரம் உள்ளே போகாமல் தடுக்கும் உறை மட்டும்.

மூன்றாவது, ஏசி கடை. மெமரி ஃபோம் சூட்டில் இளகும், குளிரில் இறுகும். 24 டிகிரி ஏசியில் உள்ளங்கையால் அழுத்தும்போது விறைப்பாகத் தெரிவது, சித்திரை மாதம் உங்கள் வீட்டு 32 டிகிரி அறையில் ஒரு படி மெத்தென்று ஆகிவிடும். கடையில் "கொஞ்சம் விறைப்பாக இருக்கிறதே" என்று தோன்றுவதை எடுங்கள். அழுத்திய கையை எடுத்ததும் கைத்தடம் மூன்று நான்கு நொடி நின்று மெதுவாக மறைந்தால் மெமரி ஃபோம். சட்டென்று எழும்பினால் சாதாரண ஃபோம்.

6. சூட்டைப் பற்றி நேர்மையாக

ஏசி இல்லாத அறையில் எந்த மெமரி ஃபோமும் இலவம்பஞ்சு அளவுக்குக் குளிர்ச்சியாக இருக்காது. "ஜெல்" கலந்தது முதல் கொஞ்ச நேரம் சில்லென்று இருக்கும். ஜெல் உடம்பின் சூட்டுக்கு வந்த பிறகு வித்தியாசம் குறைந்துவிடும். அதற்காகத் தனியாக ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டாம். ஓப்பன் செல் என்ற வகையில் நுண்குழிகள் ஒன்றோடொன்று திறந்திருக்கும், காற்றுப் போகும். துளையிட்ட ஃபோமும் பயன்படும். மேல்மாடியில், கூரைக்கு நேர் கீழே, ஃபேன் காற்றில் மட்டும் படுப்பவர்கள் இயற்கை ரப்பர் லேடக்ஸ் டாப்பரைப் பாருங்கள். விலையும் எடையும் கூட, ஆனால் காற்றோட்டம் நன்றாக இருக்கும், அமுங்கினாலும் உடம்பைப் புதைத்துக்கொள்ளாது.

7. உறையும் ஜிப்பும்

உறை கழற்றித் துவைக்கிறதாக இருக்க வேண்டும். பருத்தியோ பருத்தி கலந்ததோ நல்லது. கடற்கரை மணல் காலோடு வந்து உறையின் இழைக்குள் இறங்கி ஃபோமை அராவும்; மாதம் ஒருமுறையாவது கழற்றி உதறித் துவைத்தால்தான் ஃபோம் பிழைக்கும்.

ஜிப்பைத் திறந்து பாருங்கள். பற்கள் பிளாஸ்டிக்காக இருந்தாலும் இழுக்கும் ஓட்டி மட்டும் மட்டமான இரும்பில் இருக்கும். உப்புக்காற்றில் துருப் பிடித்து முதலில் உறையில் செம்மண் நிறக் கறை வரும், பிறகு ஜிப் திறக்கவே திறக்காது. ஓட்டியில் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஓட்டியிலும் பற்களிலும் மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்துவிடுங்கள்.

நான்கு மூலையிலும் எலாஸ்டிக் பட்டை வேண்டும், இல்லையென்றால் அடியில் வழுக்காத துணியாவது வேண்டும். தேங்காய்நார் மெத்தையின் வழவழப்பான துணிமேல் டாப்பர் ராத்திரி முழுக்க நகரும்.

புரொடெக்டர் வாங்கும்போது ரெக்சின் மாதிரி சலசலக்கும் பி.வி.சி. வேண்டாம், வேர்த்து ஊற்றும். மெல்லிய டி.பி.யூ. என்ற பிளாஸ்டிக் படலம் ஒட்டிய துணி என்றால் தண்ணீர் இறங்காது, ஆவி வெளியேறும்.

8. பணமும் காகிதமும்

72×60 அளவில் 2 அங்குல டாப்பர்கள் பெரும்பாலும் 3,000 முதல் 8,000 ரூபாய்க்குள் அமைகின்றன. விலையை எடையால் வகுத்து ஒப்பிடுங்கள். 3,600 ரூபாய்க்கு 4.2 கிலோ என்றால் கிலோ 857 ரூபாய். 4,900 ரூபாய்க்கு 7 கிலோ என்றால் கிலோ 700 ரூபாய். மலிவாகத் தெரிந்தது மலிவில்லை. இதோடு புரொடெக்டர் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய எலாஸ்டிக் பெட்ஷீட் 2 அங்குலம் கூடிய மெத்தைக்கு ஏறாது. சாதாரண விரிப்பு என்றாலும் இரண்டு பக்கமும் சேர்த்து 4 அங்குலம் கூடுதல் அகலம் தேவைப்படும்.

கையில் இருக்க வேண்டியவை:

- ஜி.எஸ்.டி. எண் போட்ட பில். அதில் "மேட்ரஸ்" என்று மட்டும் எழுதினால் போதாது. மெமரி ஃபோம் டாப்பர், அளவு, தடிமன், டென்சிட்டி எல்லாம் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.
- தேதியும் முத்திரையும் உள்ள வாரண்டி அட்டை.
- இணையத்தில் வாங்கினால் டென்சிட்டியும் எடையும் தெரியும் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டுமுன்னே எடுத்தது. பிறகு பக்கம் மாறிவிடலாம்.
- பொட்டலத்தின் மேல் ஒட்டிய லேபிளின் படம். தயாரித்தவர் பெயர், முகவரி, தயாரித்த மாதம் வருடம், வரிகளெல்லாம் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொலைபேசி எண் ஆகியவை அதில் இருந்தாக வேண்டும்.

வாரண்டியில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: எத்தனை அங்குலம் பள்ளம் விழுந்தால் மாற்றித் தருவார்கள்? ஒன்றரை அங்குலம் என்று போட்டிருந்தால் 2 அங்குல டாப்பருக்கு அந்த வாரண்டியால் பயனில்லை. கறை இருந்தால் செல்லாது என்ற வரியும் பெரும்பாலும் இருக்கும். அதனால் புரொடெக்டரை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

"100 இரவு படுத்துப் பாருங்கள்" என்ற விளம்பரம் பல நேரம் மெத்தைக்கு மட்டும்தான். டாப்பருக்கு உண்டா, பணம் திரும்புமா, இல்லை மாற்றுப் பொருள் மட்டுமா என்று கேளுங்கள். உங்கள் பின்கோடைப் போட்டுத் திரும்ப எடுத்துப் போக ஆள் வருமா என்பதையும் உறுதி செய்யுங்கள். 623இல் தொடங்கும் எல்லாப் பின்கோடுக்கும் கொண்டுவந்து தருவதும் திரும்ப எடுப்பதும் ஒரே மாதிரி இல்லை. விரிந்த டாப்பரை நீங்களே சுருட்டி கூரியர் அலுவலகத்துக்கு ஆட்டோவில் கொண்டுபோக வேண்டி வந்தால் செலவும் உங்களுடையது.

9. எப்போது வாங்குவது, வந்ததும் என்ன செய்வது

தை முதல் ஆவணி வரை நல்ல காலம். ஆடித் தள்ளுபடி இந்தக் கரைக்குத் தோதானது. காற்று நன்றாக அடிக்கும், மழை இருக்காது. தீபாவளித் தள்ளுபடி ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழை இறங்கும் நேரத்தில் வரும். பொட்டலம் வழியில் நனையும், வீட்டிலும் விரித்துக் காயவிட இடம் இருக்காது. அப்போது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஓர் அறையை நான்கு நாள் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பொட்டலம் வந்ததும் பிரிக்காமல் எடை போடுங்கள். எடை பார்க்கும் மெஷினில் பொட்டலத்தோடு ஏறி நின்று, பிறகு வெறுங்கையோடு ஏறி, வித்தியாசத்தைக் குறித்துப் படம் எடுங்கள். பிரிப்பதை வீடியோ எடுங்கள். பிளேடு வேண்டாம், கத்தரிக்கோலால் ஓரத்தை மட்டும் வெட்டுங்கள். காற்றை உறிஞ்சிச் சுருட்டியது விரிய 24 முதல் 72 மணி நேரம் ஆகும். நம் ஊர்ச் சூட்டில் பெரும்பாலும் ஒரு நாளிலேயே எழும்பிவிடும். மூலைகள் தூக்கி நின்றால் மிதிக்க வேண்டாம், தலைகீழாகத் திருப்பி ஒரு ராத்திரி விடுங்கள். மூன்றாம் நாள் ஐந்து இடத்தில் தடிமனை அளங்கள்.

புது ஃபோமில் ஒரு ரசாயன வாடை வரும். ஃபேனைப் போட்டு, காற்றில் ஈரம் குறைந்திருக்கும் மதிய நேரத்தில் ஜன்னல்களைத் திறந்து வைத்தால் இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஒரு வாரம் தாண்டியும் கண் எரிந்தாலோ தலை வலித்தாலோ திருப்பிக் கொடுங்கள். அதுவரை பொட்டலப் பையையும் பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள்.

10. வெயிலில் போடக் கூடாது

இலவம்பஞ்சு மெத்தையை மொட்டை மாடியில் வெயிலில் போட்டுத் தட்டி எடுத்துப் பழகிய வீடுகள் நம்முடையவை. மெமரி ஃபோமுக்கு அந்தப் பழக்கம் எமன். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் ஃபோமை முதலில் மஞ்சளாக்கும், பிறகு தொட்டால் பொடிப் பொடியாக உதிர வைக்கும். காயவைக்க நிழலும் காற்றும் போதும். வாரம் ஒருமுறை திண்ணையிலோ ஃபேனுக்குக் கீழோ செங்குத்தாக நிறுத்தி இரண்டு மணி நேரம் விடுங்கள். மழைக்காலத்தில் வாரம் இருமுறை. எழுந்தவுடன் போர்வையை மடித்து மேலே அடுக்காமல் அரை மணி நேரம் காற்றாட விட்டாலே பாதி ஈரம் போய்விடும்.

தண்ணீரிலோ வாஷிங் மெஷினிலோ போடக் கூடாது. ஈர ஃபோம் தன் எடை தாங்காமல் கிழியும். ஏதாவது கொட்டினால் உலர்ந்த துண்டை வைத்து அழுத்தி உறிஞ்சுங்கள், தேய்க்க வேண்டாம். குழந்தை சிறுநீர் போயிருந்தால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து லேசாகத் தெளித்து, மறுபடி துண்டால் ஒற்றி, சமையல் சோடாவைத் தூவி எட்டு மணி நேரம் விட்டுத் தட்டிவிடுங்கள். பிறகு ஒரு முழு நாள் ஃபேன் காற்று. உள்ளே ஈரம் இருக்கும்போது உறையை மாட்டினால் நாற்றம் நிலைத்துவிடும்.

கொசுவர்த்திச் சுருளைக் கட்டிலுக்கு அடியிலோ படுக்கைக்குப் பக்கத்திலோ வைக்கவே வைக்காதீர்கள். மெமரி ஃபோமும் ஒருவகை பி.யூ. ஃபோம்தான்; பற்றினால் நிமிடங்களில் பரவும், அதன் புகை நச்சு. கொசுவலை கட்டுங்கள், வலையின் ஓரத்தை டாப்பருக்கு அடியில் அல்ல, மெத்தைக்கு அடியில் செருகுங்கள். டாப்பருக்கு அடியில் செருகினால் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் அது நகரும்.

11. சொன்னது வேறு, வந்தது வேறு என்றால்

முதலில் விற்றவருக்கு எழுத்தில் புகார் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். இணையக் கடையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

புகாரில் "தூக்கம் வரவில்லை, தரம் சரியில்லை" என்று எழுதினால் பதில் வராது. "50 டென்சிட்டி என்று விற்கப்பட்டது. 72×60×2 அங்குலத்துக்கு 7 கிலோ இருக்க வேண்டும். பிரிப்பதற்கு முன் பொட்டலத்தோடு சேர்த்தே எடை 5 கிலோ. படம் இணைத்துள்ளேன்" என்று எழுதுங்கள்.